மீட்டரில் மற்றவர்களின் சர்க்கரை

எனக்கு இன்சுலின் போட ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆன்சைட் வாய்ப்பு வந்தது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அறை, ஹைடெக் சிட்டி பக்கம் சாப்ட்வேர் வேலை. கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்பத் தயார். அங்கே தனியாகச் சமாளித்துக்கொள்வேன் என்று டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவர் அதற்கு ஒரு மாதச் சர்க்கரைக் கணக்கைக் கேட்டார். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, படுக்கும் முன் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எத்தனை யூனிட் போட்டேன்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். அன்றைக்கே எக்செல்லில் அட்டகாசமாக ஒரு ஷீட் போட்டேன். சர்க்கரை ஏறினால் சிவப்பு, இறங்கினால் மஞ்சள், வாரச் சராசரிக்குத் தனி வரைபடம். எல்லாம் தயார். எண்கள்தான் இல்லை.

காலையில் விரலைக் குத்துவேன், கம்பெனி பஸ் கீழே ஹாரன் அடிக்கும். மீட்டரில்தான் பதிவாகிவிட்டதே, பிறகு எழுதலாம் என்று ஓடுவேன். ஷீட் ஆபீஸ் கம்ப்யூட்டரில், மீட்டர் அறையில். சரி, துண்டுச் சீட்டில் எழுதலாம் என்றால், அது சட்டைப் பையோடு சேர்ந்து துவைபட்டு உருண்டையாக வரும். மீட்டரை ஆபீஸுக்கே எடுத்துப் போனாலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். சரியாக அப்போதுதான் மீட்டிங் வைப்பார்கள். சாயங்காலம் நினைவு வந்து குத்தினால், அந்த எண் சமோசாவுக்கு முன்பா பின்பா என்பது எனக்கே மறந்திருக்கும். எதனால் ஏறியது என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் லாலாகுடாவில் அத்தை வீட்டுக்குப் போவேன். மாமாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, வீடு குவார்ட்டர்ஸில். சர்ச் முடிந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டு உட்கார்ந்ததும் நான் மீட்டரை எடுப்பேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு விரலை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் கஞ்சன் என்று பெயர் வரும். ஆளுக்கு ஒரு புது ஊசி போட்டுக் குத்துவேன். அத்தைக்கு நூற்றுப் பதினெட்டு. மாமாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

"பிரியாணி சாப்ட்டா அப்டித்தான் காட்டும்," என்றார் மாமா.

"நானும் அதே பிரியாணிதானே சாப்ட்டேன்?" என்றாள் அத்தை.

"ஹவ், ஆமா, மெஷினும் உனக்குப் பயந்துகிட்டுக் கொறைச்சுக் காட்டுது. பழைய மெஷின்டா இது, தூக்கிப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மாதம் முடிந்ததும் ஓட்டை ஓட்டையான ஷீட்டை பிரிண்ட் எடுத்து, மீட்டரையும் எடுத்துக்கொண்டு செகந்திராபாத்தில் டாக்டரிடம் போனேன். சென்னையில் படித்த தெலுங்கர். என்னைத் தமிழில்தான் திட்டுவார். காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மீட்டரின் பழைய பதிவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றார்.

"இது என்ன?"

"அது எங்க மாமாவோடது சார்."

"போன வாரம் ஒருத்தர் மச்சானோடதுன்னார். எல்லாருக்கும் சொந்தக்காரங்கதான் சர்க்கரைய ஏத்தி விடறாங்க, இல்ல?"

"சத்தியமா சார்."

"அப்ப மாமாவைக் கூட்டிட்டு வாங்க."

அவர் கிண்டலாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் நேராக ஆட்டோ பிடித்து லாலாகுடாவுக்குப் போனேன். மாமா டியூட்டி முடிந்து வந்து, பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"நக்கோ, வேணாம்," என்றார். "ஒரு தடவ போனா பேரை எழுதிக்குவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் விடமாட்டாங்க."

"கைக்கு? எதுக்குப் பயப்படுறீங்க?" என்றாள் அத்தை. "மெஷின் பழசுன்னுதானே சொன்னீங்க? அங்க புது மெஷின்ல பாத்துட்டு வாங்க."

மாமா எழுந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

டாக்டரின் மெஷினும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டியது, இத்தனைக்கும் மாமா அப்போது ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. டாக்டர் அவருடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்து, மாத்திரை எழுதிக்கொடுத்து, சர்க்கரை குறிக்கும் அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சரி, மாமாவோடதைக் கழிச்சாச்சு. அத்தையோடதையும் கழிச்சாச்சு. இதுல உங்களோடது எங்க?"

பஸ், மீட்டிங், துவைத்த சட்டை என்று வரிசையாகச் சொன்னேன். அவருக்கு அதெல்லாம் பழகிப்போன கதை.

"கலரெல்லாம் நல்லா இருக்கு. ஆனா அங்க போயி சர்க்கரை இறங்கி விழுந்தீங்கன்னா, ஏன் இறங்குச்சுன்னு பாக்க உங்க கையில என்ன இருக்கு? இன்னொரு மாசம் முழுசா எழுதிட்டு வாங்க, கடிதம் தர்றேன்."

வெளியே வந்து மேனேஜருக்கு போன் போட்டேன். கிளையன்ட் ஒரு மாதமெல்லாம் பொறுக்க மாட்டான், அடுத்த ஆளை அனுப்பிவிடுகிறேன் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாமா மருந்துச் சீட்டையும் அட்டையையும் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கட்டத்தையும் தெனம் எப்படிடா ரொப்புறது?" என்று கேட்டார்.

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏன் மாமா இங்க நிக்கிறேன்?" என்று கத்திவிட்டேன். ஆட்டோவுக்காக நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.