முசுறு கடித்த ஞாயிற்றுக்கிழமை

இதை எழுதும்போதுகூட இடது காது மடல் தடித்துத்தான் இருக்கிறது. கழுத்தில் சட்டைக் காலர் பட்டால் எரிகிறது. காரணம்... முசுறு.

முசுறு தெரியுமல்லவா? மாமரத்தில் பச்சை இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டுமே, சிவப்பு எறும்பு, அதுதான். கடித்தால் விடாது. பிய்த்தால் உடம்பு கையோடு வரும், தலை அங்கேயே இருக்கும்!

போன ஞாயிறு காலை, முதல் பஸ்ஸில் குன்றக்குடிக்குப் போனோம். இந்த அக்னி நட்சத்திரத்தில் வெயில் ஏறிவிட்டால் மலைப்படியில் கால் வைக்க முடியாதே! சாமி கும்பிடப் போகிறோம் என்று தெருவில் சொல்லியிருந்தோம். உண்மையில், என் அக்கா மகள் விசாலத்தைப் பார்க்க நாட்டரசன்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெரு பேசும். மலையில் என்றால் 'தற்செயலாக' சந்தித்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, அவரவர் பஸ்ஸில் அவரவர். நல்ல ஏற்பாடுதானே?

விசாலத்துக்கு இது மூன்றாவது இடம். முன்னால் வந்த இரண்டும் அவள் வாயால்தான் கெட்டது என்பது அக்காவின் கட்சி. "பாடத் தெரியுமா?" என்று கேட்ட ஒரு பெரியவரிடம், "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டாள். அவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்கள்.

"இதுவும் போச்சுன்னா அப்புறம் யாருடி வருவாக? மலை ஏறி எறங்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, ஆமா!" பஸ்ஸிலேயே அக்கா உத்தரவு போட்டுவிட்டாள்.

விசாலமும் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பெயரைக் கேட்டார். சிரித்தாள். படிப்பைக் கேட்டார். அதற்கும் சிரித்தாள். பதில் சொன்னதெல்லாம் அக்காதான். மாப்பிள்ளையோ அவளுக்கு மேல்... ஏறும்போது படியைப் பார்த்தார், இறங்கும்போதும் படியையே பார்த்தார். வாயாடிப் பெண்ணை இப்படிப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு மாமரத்து நிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கேதான் வந்தது வினை, பெண்ணின் அப்பா உருவத்தில்!

என் மச்சான் தச்சு வேலைக்காரர். எந்த மரத்தையும் தட்டிப் பார்க்காமல் தாண்டமாட்டார். வைரம் பாய்ந்ததா, உள்ளே பொத்தலா என்று ஓசையிலேயே கணக்குப் போடுகிற பழக்கம். விருந்துக்குப் போன வீட்டில் கதவு திறந்தே இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் நுழைவார். பெண்ணைப் பெற்றவர், இன்று ஒருநாளாவது சும்மா இருக்கக் கூடாதா? தலைக்கு மேல் ஒரு கிளை தாழ்ந்து நின்றது. அவருக்குக் கை பரபரத்தது. குடையைத் திருப்பிப் பிடித்து, ஓங்கித் தட்டினார்.

கொட்டியது பாருங்கள்!

மாப்பிள்ளையின் அம்மா கொண்டையில், அக்காவின் முந்தானையில், இட்லியில், என் காதில்... எல்லோரும் அதே மரத்தடியில் நின்றுகொண்டு குதிக்கிறோம். எறும்பை உதறுகிறேன் என்று குடையை வீசிய மச்சான் மறுபடி கிளையில் இடித்தார். இன்னொரு கூடு உடைந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"மரத்தடியிலேயே நின்னு ஆடுனா விழாம என்ன செய்யும்? எல்லாரும் அங்குட்டு வாங்க! அப்பா, குடையக் கீழ போடுங்க! மாமா, காதைப் பிய்க்காதீக! அத்தை, ஆடாம நில்லுங்க, கொண்டைய நான் அவுக்குறேன்!"

விசாலம்தான்! சொன்னபடி போய் வெயிலில் நின்றோம். அவள் அந்த அம்மாவின் முடியைப் பிரித்து, எறும்பை ஒவ்வொன்றாக எடுத்தாள். "இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு இப்புடியா இறுக்கிக் கட்டுவாக?" என்று கண்டிப்பு வேறு.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இதுவும் போச்சு என்று எழுதி ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா முடியை அள்ளி முடிந்துகொண்டே அக்காவிடம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீக. வேணாம்னு சொல்லிப்புடணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் படி எறங்குனேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேரு கேட்டாச் சிரிக்குது, படிப்புக் கேட்டாச் சிரிக்குது. புள்ளைக்குப் பேச்சு வராதோ, மறைக்கிறாகளோன்னு நெனச்சுட்டேன். எம் மகன் வாயத் தொறந்து பத்து நாளாச்சு. இதுவும் பேசலைன்னா அந்த வீட்ல நான் யாருகிட்டப் பேசுறது? இப்பத்தான் ஆத்தா எனக்கு மனசு நெறஞ்சுருக்கு!"

அக்கா அழுதாள், சிரித்தாள், சொறிந்தாள்... எல்லாம் ஒரே நேரத்தில். நமக்கு எது குறை என்று தோன்றுகிறதோ, அதை மூடி வைக்க என்ன பாடு படுகிறோம்! அதையே தேடிக்கொண்டு ஒரு வீடு நாட்டரசன்கோட்டையில் இருந்திருக்கிறது. முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். மச்சானின் கெட்ட பழக்கத்துக்கும் மனதாரச் சொன்னேன். முசுறுக்கு மட்டும் கிட்டப் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை.

எல்லாம் சரி, கட்டிக்கொள்ளப் போகிறவரை யாராவது கேட்டோமா? தாய்மாமன் என்ற முறையில் நான்தான் கேட்டேன். "தம்பி, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி விசாலத்தைப் பார்த்தார்.

"அங்குட்டு வாங்கன்னாக... மொத ஆளா வந்துட்டேனே, கவனிக்கலையா?"