பட்டி பாடில்லா

அழகுத்தாய் தேவதானத்திலிருந்து செண்பகத்தோப்புக்கு வாக்கப்பட்டு வந்தபோது சீராக வந்தது ஒரு பசு. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பசு மட்டும் வஞ்சகமில்லாமல் பெருகியது. காட்டோரத்துச் சொந்த நிலத்தில் முள்வேலி அடைத்து மாட்டுப்பட்டி கட்டினாள். பாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்கு ஊற்றினாள். அதுதான் சாப்பாடு, துணிமணி, எல்லாம். காவலுக்குச் சிப்பாய் என்று ஒரு கறுப்பு நாய். காக்கிச் சட்டையைக் கண்டால் அதற்கு ஆகாது. வளர்த்தவளுக்கும் ஆகாது.

மலையை அணில் சரணாலயம் ஆக்கிய பிறகு காக்கிச் சட்டைகள் கூடிப்போயின. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. எந்த ராஜ்ஜியத்தில் மேய்கிறோம் என்று மானுக்கும் யானைக்கும் தெரியாது. அதனால் 1991-ல் இரண்டு அரசாங்கத்து வனத்துறையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடி, காட்டைச் சேர்ந்தே காப்பது என்று பேசின. அங்கே டீ கொடுத்தவன் வாட்ச்சர் சங்கையா, அழகுத்தாயின் கொழுந்தன். கேரளத்து அதிகாரி மேசையைத் தட்டிச் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"காட்டரிகில் பட்டி பாடில்லா!"

எல்லாத் தலையும் ஆடியது. சங்கையா சைக்கிளை மிதித்த மிதியில் வழியிலேயே செயின் கழன்றது.

"மதினி, குடி கெட்டுச்சு! காட்டோரத்துல பட்டி கூடாதாம். ரெண்டு கவர்மெண்டும் சேந்து சொல்லிட்டாக. நாளைக்குப் பாக்க வாராக."

"ஒரு கவர்மெண்டுன்னா இன்னொண்ணுகிட்ட மனுக் கொடுக்கலாம். ரெண்டும் சேந்துக்கிட்டா நான் எங்கலே போக?"

"செத்த பிரிச்சு வச்சிருவோமா?"

"பிரிச்சுட்டு மாட்டை ஒன் அடுப்படியிலயா கட்ட? வரட்டும். சிப்பாய அவுத்து விடுதேன்."

சங்கையாவுக்கு வேலை போய்விடும் என்று பயம். மதினியிடம் அதைவிடப் பயம்.

மறுநாள் காலை ரேஞ்சரும் மூன்று கேரளத்து வனக்காவலர்களும் வந்தார்கள், கடைசியில் சங்கையா. முன்னால் வந்தவன் தங்கச்சன், கனத்த சரீரம். சொன்னபடியே அழகுத்தாய் கயிற்றை அவிழ்த்தாள். சிப்பாய் பாய்ந்த வேகத்தில் அந்தக் கனத்த சரீரம் ஒரே எட்டில் பாறைமேல் நின்றது.

"பட்டியெ கெட்டு! சேச்சீ, பட்டியெ கெட்டு!"

"கட்டின பட்டியப் பிரிக்க வந்துட்டு, கட்டுங்கீகளோ? நேத்து ஒரு சட்டம், இன்னிக்கு ஒரு சட்டமா?"

"பட்டி கடிக்கும்!"

"ஏலே சங்கையா, இந்தாளுக்குக் கிறுக்கா? வேலி எங்கலே கடிக்கும்?"

தங்கச்சன் ஒரு கையால் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சிப்பாயைக் காட்டி, "ஈ பட்டி! ஈ பட்டி!" என்றான். பிறகும் அவள் விளங்காமல் பார்க்கவே, பாறைமேல் குந்தி நாய் மாதிரியே குரைத்தான். சிப்பாய்கூட ஒரு நிமிஷம் திகைத்துப் போனது.

ரேஞ்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவங்க பேச்சுல பட்டின்னா நாய்ம்மா. இங்க உள்ள நாயெல்லாம் மலை ஏறிப் போய் அங்கிட்டு மானைக் கடிச்சுக் கொல்லுது. காட்டோரத்து நாயைக் கட்டி வைக்கணும்னு ரெண்டு பக்கமும் முடிவு. ஒங்க மாட்டுப்பட்டிய யாரும் தொடல."

சங்கையா எட்டத்தில் போய் நின்றான்.

அழகுத்தாய் சிரிக்கவில்லை. மேயப்போன மாடுகளை அந்தி சாய மடக்கிக் கொண்டுவருவது சிப்பாய்தான். போன மாசம் அதன் வாயில் ரத்தம் இருந்ததையும் அவள் பார்த்திருந்தாள். முயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மாட்டை யாரு மடக்குவா?" என்று கேட்டாள். சிப்பாயின் காதைத் தடவி, பட்டியின் வாசல் கல்லில் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். தங்கச்சன் பாறையை விட்டு இறங்கினான்.

சாயங்காலம் கம்பை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். நாலடி போயிருப்பாள், பின்னால் சிப்பாய் கட்டின இடத்திலிருந்தே குரைத்தது. ஓடைக்கரைப் பக்கம் மணிச்சத்தம் கேட்டது. மூத்த பசு முன்னால் வர, மற்றவையெல்லாம் வரிசையாக வீட்டுக்குத் திரும்பின.

"குரைக்கக் கூடாதுன்னு எந்த கவர்மெண்டும் சொல்லலல்லா?" என்று கேட்டாள், பின்னாலேயே வந்த கொழுந்தனிடம்.

"சொல்லல மதினி," என்றான் சங்கையா. "என் காதுல விழுந்த வரைக்கும்."

"ஒன் காதக் கொண்டு அடுப்புல வையி," என்றபடி பால் செம்பை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனாள். முதல் பீய்ச்சல் சிப்பாயின் தட்டில் விழுந்தது.