அரை கிளாஸ் சாயா

என் மகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. மட்டாஞ்சேரியில் பதினான்கு வருடமாக பிளம்பிங் வேலை செய்கிறேன். மலையாளத்தில் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். எழுத்துதான் மண்டையில் ஏறவில்லை. அதனால் சந்தைப் பக்கம் சுவரில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனேன். பாட்டில் படத்தின் மேல் சிவப்பில் கோடு அடித்திருந்தார்கள். விஷயம் புரிந்தது, எங்கே எப்போது என்பதுதான் புரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

பள்ளுருத்தியில் இருப்பது என் மைத்துனன் வீடு. மனைவியும் மகளும் அங்கே போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரணம் நான். காலையில் ஒரு பெக் உள்ளே போகாமல் என் கை நடுக்கம் நிற்காது. அப்படி ஒரு காலையில் சூடு சாயாவை மகளின் காலில் கொட்டிவிட்டேன். கொட்டியது ஒரு தப்பு. "நடக்கிற வழியில எதுக்குக் காலை நீட்டுற?" என்று அவளையே திட்டியது அதைவிடப் பெரிய தப்பு. மனைவி அன்றைக்கே துணிமணியை எடுத்து வைத்தாள். "குடியை விட்டுட்டு வந்து கூப்பிடுங்க, வாரோம்" என்றாள்.

மகள் ஃபோனை வாங்கி வாசித்தாள். "குடியை நிறுத்தணும்னு ஆசை இருந்தாப் போதும், வாங்கன்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. எங்க பழைய ஸ்கூல்லதான்." ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போவீங்களாப்பா?" என்று கேட்டாள்.

போவேன் என்றேன். அந்த நேரம் பார்த்து மைத்துனன் மனைவி எனக்குச் சாயா கொண்டுவந்தாள். நான் கிளாஸை வாங்கியதும் மகள் சத்தம் காட்டாமல் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். என் முறை வந்தபோது, மலையாளம் சரியாக வராது என்று நழுவப் பார்த்தேன். கெட்டிலோடு நின்ற நரைத்த தாடிக்காரர் விடவில்லை.

"தமிழ்ல பறஞ்ஞா மதி, அண்ணாச்சி. ஞங்களுக்கு மனசிலாகும்."

தமிழிலேயே, குடிகாரன் என்று சொன்னேன். உடனே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் சாயா வந்தது. எல்லோருக்கும் முழுக் கிளாஸ், எனக்கு மட்டும் அரை. தமிழன்தானே, பாண்டிக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள் என்று எனக்குச் சுரீரென்று ஏறியது. குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன். தாடிக்காரர் கேட் வரை பின்னாலேயே வந்தார். "குடியைச் சட்டுன்னு நிர்த்த வேண்டா, அது ஆபத்து. நாளைக்கு ஆஸ்பத்திரி போய் டாக்டரைக் கண்டுட்டு நிர்த்து. அடுத்த ஞாயிறு வரணம்" என்றார்.

போகிற வழியில்தான் மதுக்கடை. வரிசையில் நின்றேவிட்டேன். எனக்கு முன்னால் நான்கு பேர். மனதுக்குள் தாடிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டது ஞாபகம் வந்தது. போவீர்களா என்றுதான் கேட்டாள், முழுச் சாயா கொடுப்பார்களா என்று கேட்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரம் பட்ட பாட்டை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. அடுத்த ஞாயிறும் அரை கிளாஸ்தான். கோபத்தோடு குடித்தேன். எத்தனை வாரம் இப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று வீம்பாக மூன்றாவது வாரமும் போனேன். நல்ல எண்ணத்தைவிட வீம்புதான் அப்போது என்னை நடத்தியது.

அன்றைக்கு ஒருவர் புதிதாக வந்தார். காரில் வந்த மலையாளி, தேய்த்த வெள்ளைச் சட்டை. அவருக்கும் அரை கிளாஸ். அவர் எடுத்ததும் கை கிடுகிடுவென்று ஆடியது. சாயா கிளாஸின் விளிம்பு வரை ஏறி ஏறி இறங்கியது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அறையில் ஒருவரும் அவர் கையைப் பார்க்கவில்லை. என் கையையும் முதல் நாள் யாரும் பார்த்திருக்கவில்லை.

தாடிக்காரரிடம் போய், "எனக்கும் இதுக்குத்தானா?" என்று கேட்டேன்.

"ஆத்ய நாள் வந்தப்போ எனக்கும் அரைதான் கிட்டியது" என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். ஒரு கிளாஸ் சாயாவில் சாதி, ஊர், மொழி எல்லாம் கண்டுபிடித்த எனக்கு என் கை மட்டும் தெரியவில்லை.

ஆறு மாதம் ஆகிவிட்டது. இடையில் எந்த வாரம் எனக்கு முழுக் கிளாஸ் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் யார் வீட்டில் எந்தக் குழாய் உடைந்தாலும் நான் போவதில்லை. இப்போது கெட்டில் என் கையில். புதியவர் வந்தால் அரை ஊற்றுகிறேன். சிலர் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும், அடுத்த வாரம் வந்தால் போதும்.

போன ஞாயிறு காலையில் பள்ளுருத்திக்குப் போனேன். மகள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி சாயா கொண்டுவந்தாள். தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தாள், வேண்டுமென்றேதான். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

நான் கிளாஸை எடுத்தேன். மகள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். காலை மடக்கவில்லை.