கொழும்புக்குக் கிளம்பிய அன்று

என் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். ஐந்தாவதோடு நின்றவன் நான், தெரிந்த மாதிரி எழுதுகிறேன். என்னை நல்ல பிள்ளை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்களுக்குச் செலியமேட்டில் கரும்பும் நெல்லும். நான் ஒரே மகன். வில்லியனூரில் துணிக்கடை வைத்திருக்கிற சலீம் என் கூட்டாளி. அவனுடைய மாமாவுக்குக் கொழும்பில் கடை. கொழும்பு போனவர்கள் எல்லாரும் நைலக்ஸ் சேலையும் ரேடியோவுமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா சுத்திட்டு வரலாம் வாடா. டிக்கெட்ட மாமா பாத்துக்குவாரு" என்றான் சலீம்.

விமானம்... எங்கள் கரும்புக்கு மேலே எப்போதாவது போகும். அண்ணாந்து பார்த்து நின்றிருக்கிறேன். அதற்குள் உட்காரப்போகிறேன்!

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கரும்பு வெட்ட ஆலையிலிருந்து எந்த நாளும் உத்தரவு வரலாம் என்ற நேரம் அது.

"வெட்டு நேரத்துல தொர ஏரோப்ளேன்ல போறாராம். இன்னாத்துக்குடா? வானத்துலயா கரும்பு வெளையுது?"

அம்மாதான் எனக்காகப் பேசினாள். "போயிட்டுதான் வரட்டுமே. கண்ணாலம் ஆயிட்டா அப்புறம் எங்க போவப்போறான்."

கடைசியில் அப்பா, "போ. வெட்டு வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார். பாஸ்போர்ட்டும் வந்தது. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. எந்த நிமிஷமும் மனசு மாறி, போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்று...

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியே கிளம்பின ஆளைப் பின்னால் கூப்பிடுவது எங்கள் பக்கம் ஆகாது. கூப்பிட்டுவிட்டால் போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அப்பாவுக்கு மட்டும் அது வெறி. ஒருமுறை கரும்பு வண்டி ஊரைத் தாண்டும்போது, சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டார் என்று அம்மா பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டாள். அவ்வளவு பாரத்தோடு வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டி வந்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம் ரொம்ப நாள் அம்மாவோடு பேசவில்லை.

"வூடே தீப்புடிச்சாலும் போறவன கூப்புடாத" என்பார். ஊருக்கே தெரியும்.

நான் கிளம்பிய காலையில் அம்மா வீட்டில் இல்லை. மகன் விமானத்தில் போகிறானே என்ற பயத்தில், என் பேருக்கு அர்ச்சனை செய்ய பாகூர் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா வயலில் மோட்டார் கொட்டகையில் தனியாக இருந்தார். அங்கேயே போய்ச் சொல்லிக்கொண்டேன்.

"பாத்துப் போ" என்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார். "ராத்திரி தின்னது செரிக்கல."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வண்டிப்பாதையில் சலீம் சைக்கிளோடு காத்திருந்தான். பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

"ஏழுமல..."

சலீம் நின்றான். "டேய், ஒங்கப்பா கூப்புடற மாதிரி கீதுடா."

"எங்கப்பாவா? வூடே எரிஞ்சாலும் பின்னால கூப்புட மாட்டாருடா அவுரு. எவனோ எவனையோ கூப்புடறான். வா, பஸ்ஸு போயிடும்."

சலீம் சிரித்தான். "அதுவும் சரிதான்."

மறுபடியும் கேட்டது. இந்த முறை பெயர் முழுதாக வரவில்லை... நான் கையை நீட்டி சைக்கிள் மணியை அடித்தேன். எதற்காக அடித்தேன்? எதிரே ஒருவரும் இல்லையே.

அது அப்பாதான் என்று எனக்குத் தெரியும். வெட்டு வந்துவிட்டது, போகவேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேனா? கூப்பிடாத மனிதர் கூப்பிடுகிறார் என்றால் அது கரும்புக்காக இருக்காது என்று எனக்குள் ஒன்று அப்போதே சொன்னது. அதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்?

விமானத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். கீழே கடல் அசையாமல் கிடந்தது. கொழும்புக் கடற்கரையில் இறால் வடை தின்றேன். கண்டிக்குப் போகும் ரயில் மலைக்குள் நுழைந்தபோது சின்னப் பிள்ளை போலக் கூச்சல் போட்டேன். சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த நேரம் அவர் சாம்பலாகியிருந்தார்.

கண்டியிலிருந்து திரும்பியபோது சலீமின் மாமா கடை வாசலில் தந்தியோடு நின்றார்.

"உக்காருப்பா... ஒங்கப்பா தவறிட்டாராம். நீங்க கெளம்புன அன்னைக்கே."

சலீம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதைத்தான் நிறுத்திக்கொண்டான்.

நான் வைக்கவேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்திருந்தான். அம்மா மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோதுதான் பார்த்தாளாம். கொட்டகையில் இல்லை அவர். வண்டிப்பாதைப் பக்கம் கொஞ்ச தூரம் வந்து, முகம் குப்புற விழுந்து கிடந்தார். வீட்டுக்குக் கிளம்பியிருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். வீடு அந்தப் பக்கம் இல்லை. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

காலையிலேயே யாராவது பார்த்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பிழைத்திருப்பாரா? தெரியாது... தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு ஆறுதல். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாள்.

"வலிகூட தெரிஞ்சிருக்காது அவுருக்கு. தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பாரே. யாரையாச்சும் கூப்புட்டிருப்பாரே."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவாள். "நீகூட அப்பதான்டா அந்த வழியா போன. ஒனக்கு எதுனா கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"பாத்தியா" என்பாள் வந்தவர்களிடம். "நல்ல சாவு."

நேற்று பெரியம்மா வந்திருந்தாள். நேற்றும் அம்மா கேட்டாள். நேற்றும் அதையே சொன்னேன்.