இரண்டு ஊமை பாக்ஸ்

என் வீட்டுக்காரர் பாபநாசத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ. அந்தப் படிப்புக்கு அவர் கடையில் கிடைத்த வேலை, போனை எடுப்பதும் பில் எழுதுவதும்.

குத்தாலத்தில் அவர் தங்கை மகனுக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன். சீர்த் தட்டுகளோடு நாலு பேஸ் பாக்ஸும் போய் நின்றால்தான் மரியாதை என்றார். ஒன்று குறைந்தாலும் தங்கை புருஷன் வாய் சும்மா இருக்காதாம். எல்லாம் இடுப்புயரப் பெட்டிகள். ஒவ்வொன்றும் எட்டு ஓம்ஸ், நானூறு வாட்ஸ் தாங்கும். இருப்பதோ ஒரே ஆம்ப்ளிஃபையர், எங்கள் பேச்சில் ஆம்ப். நாலு ஓம்ஸுக்குக் கீழே போகாதே என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. முந்தைய ஆம்ப்பை இவர் நாலையும் மாட்டித்தான் புகையவிட்டார். இதுவும் போனால் தை மாதக் கல்யாணங்களுக்கு நாங்கள் வாயால்தான் பாட வேண்டும்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"ரெண்டு பாக்ஸ் சேத்து மாட்டினா நாலு ஓம்ஸ். நாலையும் மாட்டினா ரெண்டுதாங்க நிக்கும். ஆம்ப் எரிஞ்சிடும். ரெண்டே போதும். ஆம்ப் அறுநூறு வாட்ஸ் குடுக்கும், ஆளுக்கு முந்நூறு. பாக்ஸும் பொழைக்கும், ஆம்பும் பொழைக்கும்."

"பேப்பர்ல பாட்டு கேக்காது" என்றார். ஆம்ப் மேல் கை வைத்துச் சூடு பார்ப்பதுதான் அவருடைய மீட்டர்.

குத்தாலத்தில் நாலையும் மாட்டினார். முதல் பாட்டிலேயே ஆம்ப்பின் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தது. காட்டினால், "அது அப்படித்தான் எரியும்" என்றார். நல்லவேளை, பையனை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். பாட்டை நிறுத்திவிட்டுப் போனார். ஆசாரி ஊசியை எடுத்தார், பையன் ஊரைக் கூட்டினான், எல்லாருக்கும் கண் அங்கே. இரண்டாவது பாக்ஸிலிருந்து மூன்றாவதற்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். கடைசி இரண்டும் ஊமையாகிவிட்டன. சடங்கு முடிந்ததும் நானே பாட்டைப் போட்டேன். சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை.

தங்கை புருஷன் ஓர் ஊமை பாக்ஸ் முன்னால் வந்து நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், இது ஒண்ணு போதும். குடலே ஆடுது."

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுக்கப் போனவர், வைத்த கையை எடுக்காமல் நின்றார். அதில் துளி அதிர்வு இல்லை. பின்பக்கம் வந்தார். தொங்கிய வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயரைக் கையில் எடுத்தார். மாட்டிவிடுவாரோ என்று பயந்தேன். இன்னொரு கையை ஆம்ப் மேல் வைத்தார். சுட்டால் உடனே இழுத்துக்கொள்ளும் கை, அங்கேயே இருந்தது.

"நாலும் ஓடுதுல்ல மச்சான்?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நாலும்தான் மாப்ளே" என்றவர், வயரின் மறுமுனையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் கணக்குக்காக அவர் சொன்ன முதல் பொய் அது.

"அடுத்த வாரம் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நாலையும் வண்டியில ஏத்திடுவோம். எந்த ரெண்டு ஓடணும்னு நீ சொல்லு."