கதவுக்கு அந்தப் பக்கம் மகள்

என் மகள் விண்வெளிக்குப் போகவில்லை. போகிறவர்கள் தரையிலேயே பழகுகிற மாதிரியான ஓர் இடத்துக்குப் போனாள். வெளிநாட்டில் இன்ஜினியராக இருந்தவள், விண்வெளி நிலையத்தைப் போலவே கட்டிய ஒரு கூட்டுக்குள் வேறு மூன்று பேரோடு எட்டு மாதம் அடைந்து கிடக்க ஒத்துக்கொண்டாள். ஜன்னல் கிடையாது. அத்தனை நாள் அடைபட்டால் மனுஷனுக்கு என்ன ஆகிறது என்று கீழேயே பார்த்துவிடுவார்களாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆம்பூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் முட்டி மோதி வளர்ந்த பெண். "இந்த டிரெயினிங்க நாங்க எப்பவோ குடுத்துட்டமே" என்றேன்.

உள்ளே போகும் முன் அம்மாவிடம் போனில் கேட்டாள். "வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆச்சின்னா உள்ள சொல்லணுமா வேணாமான்னு கேக்கறாங்கம்மா."

என் மனைவி ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்கிறவள். யோசிக்கவே இல்லை. "சொல்ல வேணாம்னு சொல்லு. நெஜமா மேல போயிருந்தா இன்னா, பஸ் புடிச்சி எறங்கி வந்துடுவியா?"

மகள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். கதவை மூடினார்கள். அதற்குப் பிறகு நேரடியாகப் பேச முடியாது. வாரம் ஒருமுறை குரலைப் பதிந்து அனுப்பலாம், அவ்வளவுதான். நெருப்புப் பிடித்ததாக மணி அடித்து எழுப்புகிறார்கள், முகமூடி மாட்டிக்கொண்டு ஓடுகிறோம், ஈரத்துணியால்தான் தலை துடைக்கிறோம் என்றெல்லாம் சொல்லுவாள். என் மனைவி அதைக் கம்பெனி முழுக்கப் போட்டுக் காட்டுவாள்.

மூன்றாம் மாதம், காலையில் துணி காயப்போடும்போது என் மனைவி நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாள். வேலூருக்குக் கொண்டுபோனேன். கார் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மைத்துனன் என்மேல் பாய்ந்தான். "அது இன்னா மாமா, கோட்டக் கதவா? தொறக்கச் சொல்லு. பெத்த பொண்ணு மொகம் பாக்காம எடுப்பாங்களா?" அவன் கேட்டதில் தப்பே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னவள் அவள். இந்தக் கட்டைக்கு அவள் பேச்சை மீறிப் பழக்கமில்லை. எடுத்துவிட்டோம்.

அதன்பின் பதில் நான்தான் பேசி அனுப்பினேன். அம்மா கடைக்குப் போயிருக்கா, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. ஒவ்வொரு முறையும் பேசி முடித்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆறாம் மாதம் அம்மாவின் போனுக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. "அம்மா, அப்பாகிட்ட சொல்லாத. என்னால முடியல. கேட்டா கதவத் தொறந்து வுட்டுடுவாங்க. உன் கொரல கேட்டே எவ்ளோ நாளாச்சி. ஒரே ஒரு வாட்டி பேசும்மா, சமாளிச்சிடுவேன்."

நான் எங்கே போவேன் அந்தக் குரலுக்கு? பைத்தியம் பிடித்தவன்போல என் போனைக் குடைந்தேன். ஒன்று கிடைத்தது. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆர்டர் அவசரத்துக்கு என்னை நிறுத்திவைத்த ஒரு நாள், வீட்டுக்கு வர நேரமாகும் என்று நான் புலம்பியதற்கு என் மனைவி பேசி அனுப்பியது. என்னையும் அவள் வா, போ என்றுதான் பேசுவாள். "ஏன் பேஜார் ஆவற? முடிச்சிட்டே வா. நான் எங்க போவப் போறேன், இங்கதான இருக்கேன்."

அதை அப்படியே அனுப்பிவிட்டேன்.

மகள் எட்டு மாதத்தையும் முடித்தாள். வெளியே வந்ததும் கூப்பிட்டாள். பின்னால் கைதட்டல் சத்தம். "அப்பா, முடிச்சிட்டேன்! போன அம்மாகிட்ட குடு."

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா. ஒடனே கெளம்பி வா."

எங்கள் பக்கத்தில் இப்படிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்பப்பா?"

சொன்னேன். மூணு, நாலு, அஞ்சு, ஆறு என்று மாதங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, ஆறாம் மாசம் அம்மா எனக்குப் பேசி அனுப்புனாங்களே?"

"அது எனக்கு அனுப்புனதும்மா" என்றேன்.