சந்தையில் எழுதிய மகசர்

மகசருக்கு அகராதி சரியாகத்தான் பொருள் சொல்கிறது: அதிகாரி சம்பவ இடத்துக்கே போய், கண்டதை அங்கேயே எழுதி, அங்கிருப்பவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கும் அறிக்கை. ஐம்பதுகளில் எங்கள் மலையில் அது வேறு விதமாகத் தயாரானது. கொடைக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் அவ்வூர்க்காரர்களிடம் வெற்றுத்தாளில் ரேகை வாங்கிக்கொள்வார். ரேகைக்கு மேலே உள்ள வெற்றிடத்தை ஆபீசில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புவார்.

ஐப்பசி கடைசி வெள்ளி, மூன்று நாள் மழையில் அங்கே ஒரு விதவையின் கூரை வீடு விழுந்தது. மழைக்கணக்கு என் நாட்குறிப்பில் இருக்கிறது. வீடு கட்டக் காட்டில் மரம் வெட்ட அனுமதி கேட்டு, அந்தப் பெண்ணுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். மனு தள்ளுபடியானது. காரணம் கேட்க இருவரும் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா மகசரை வாசித்தார்: "ஓட்டு வீடு. இரண்டு ஓடுகள் மட்டும் சேதம். மரம் தேவையில்லை."

"இந்த ரேகை ஒன்னுதுதானம்மா? நீயே சாட்சி சொல்லிருக்க."

"ரேகை என்னுதுதாங்க. எங்க ஊருக்கு ஓட்ட ஆரு சொமந்துட்டு வந்தா? அந்த வீடு எங்கிட்டு இருக்குன்னு காட்டச் சொல்லுங்க, இன்னிக்கே குடி போயிர்றேன்."

குமாஸ்தா அசரவில்லை. இன்னொரு வெற்றுத்தாளை நீட்டினார். "வேற மகசர் போட்டுரலாம். ரேகைய வையி."

அந்தப் பெண் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்த வாரமே உறவுக்காரர்கள் அனுமதியில்லாமல் நான்கு மரம் வெட்டிக் கூரை போட்டார்கள். வீடு விழுந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காத சர்க்காருக்கு, மரம் விழுந்ததும் கால் முளைத்தது. ஒன்பதாம் நாள் பாரஸ்ட் கார்டு அதே பாதையில் இறங்கிப் போனார். ஊர் வழக்கப்படி எல்லையில் பூட்ஸைக் கழற்றி வைத்தார். சேற்றில் நின்று அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தார். வாசலிலேயே உட்கார்ந்து மகசர் எழுதினார். அதன் நகல் பிறகு என் கைக்கு வந்தது. 'கூரை வீடு' என்று பிழையில்லாமல் இருந்தது. நான் பார்த்த மகசர்களில் அகராதிக்குப் பொருந்தியது அது ஒன்றுதான்.

அதன் அடியில் அந்தப் பெண்ணின் ரேகையும் இருந்தது. உங்களுக்கே எதிரான மகசரில் எதற்கு வைத்தீர்கள் என்று சந்தையில் கேட்டேன்.

"அவரு வந்து பாத்தாருல்ல," என்றார்.